‘முழு’ என்ற சொல்லை நான் அடித்த கதை

1

இந்தக் கதையை வயிற்றெரிச்சலில்தான் எழுத ஆரம்பித்தேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கேவலம்.

என் அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். இருபத்திரண்டு வருடமாக அதே கடை, அதே மெஷின், அதே முக்காலி. போன மாதம் போன் செய்து, ஊருக்கு வெளியே இருக்கும் பிரார்த்தனை இல்லத்தில் சேரப் போவதாகச் சொன்னாள். அங்கே பன்னிரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒரு நாளுக்கு ஐந்து வேளை பிரார்த்தனை. நடுவில், கேட்பாரில்லாத படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். சேர்ந்தவர்கள் வீட்டுக்குத் திரும்புவதில்லை. சேர்வதற்கு முன் குடும்பத்தில் ஒருவர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நான்.

எழுதுகிறவனுக்கு ஒருத்தியைத் தடுக்க ஒரே வழிதான் தெரியும். அவளைப் பற்றிக் கதை எழுதி, கடைசிப் பக்கத்தில் அவளை வீடு திரும்ப வைத்து, அவளிடமே படிக்கக் கொடுப்பது. சனிக்கிழமை ரயிலேறி, அவளும் அம்மாவும் இருக்கும் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்தேன்.

2

முதல் தொடக்கம்:

காதலில் தோற்றுப்போன அந்தப் பெண் கடவுளின் காலைப் பிடித்துக்கொண்டாள். வெளியே மழை

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

“யாருடா அவன்?”

“எவன்?”

“நான் தோத்துப்போன ஆளு. எனக்கே தெரியாம நடந்திருக்கே! பாக்க எப்படி இருப்பான்னாவது எழுதிக் குடு.”

அடித்தேன். இரண்டாவது தொடக்கம்:

உலகமே வெறுத்துப்போன ஒரு சாயங்காலத்தில்

“எதுடா வெறுத்துப்போச்சு? இப்பத்தானே ரெண்டு தட்டு சாப்பிட்டேன். பாத்துக்கிட்டுதானே இருந்தே?”

அதையும் அடித்தேன். (வாசகரே, இது எழுதுகிறவனுக்கு வரும் பெரிய தலைவலி. துக்கப்பட்டு ஓடுகிறவர்களை எழுதிவிடலாம், காரணம் கையோடு வந்துவிடும். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சிரித்துக்கொண்டே போகிறேன் என்பவளை என்ன செய்வது?)

உள்ளே நாற்காலியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து கூடிய பிறகு, கை கொடுக்காமல் அம்மாவால் எழுந்திருக்க முடியாது.

“இந்த வாக்கியத்தை முடிச்சுட்டு வரேம்மா,” என்றேன்.

அக்கா போனாள்.

3

மூன்றாவது தொடக்கம். இது அவள் சொன்னது, வரிசையும் அவளுடையது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் ஒரு லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண்ணின் கருமணி எங்கே வருமோ அங்கே மைப்புள்ளி வைத்தாள். மெஷினில் பொருத்தி ஓரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். கடை முதலாளி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, பெயிண்டரை நாளைக்கு வரச் சொல்லிட்டேன். பலகையில என் பேருக்குப் பக்கத்துல உன் பேரு. இனிமே நீயும் முதலாளி.”

எத்தனையோ வருடமாக அவள் காத்திருந்த பேச்சு. சந்தோஷம் வந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வந்தது. ஆனால் வந்த வேகத்திலேயே அது சின்னதாகிப்போனது. பதினோரு வருடமாக வாரத்தில் ஒரு மத்தியானம் அந்த இல்லத்துக்குப் போய், நோயாளிகளுக்குத் தலை வாரிவிட்டு, பின்வரிசையில் மண்டியிட்டுவிட்டு வருகிறாள். கடவுளுக்கு ஒரு மத்தியானத்தைக் கொடுத்துவிட்டு மீதி ஆறரை நாளையும் பத்திரமாகத் தன்னிடமே வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த லென்ஸ் ஒழுங்காக வந்தது என்பதையும் எழுதச் சொன்னாள்.

“பெயிண்டர் வேண்டாங்க ஐயா.”

“ஏன், வேற யாராவது கூப்பிட்டாங்களா?”

“ஆமாங்க ஐயா.”

“யாரு? சொல்லும்மா, நான் பேசிக்கறேன்.”

சொன்னாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“அவர்கிட்ட நான் என்னத்தைப் பேச?”*

* இந்த இடத்தில் நான் ஓர் அருமையான உவமை வைத்திருந்தேன். இரண்டு பவர் உள்ள லென்ஸ், நடுவில் கோடு, மேலே தூரம், கீழே கிட்டம். பிளவுபட்ட மனசுக்கு அதைவிட என்ன வேண்டும்? அக்கா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்: “அது போட்டவங்க ரெண்டையும் நல்லாத்தான்டா பாக்கறாங்க. ஒரு வாரம் படியில தடுமாறுவாங்க, அப்புறம் பழகிடும். தெரியாத தொழில்ல கை வைக்காதே.” உவமை போய்விட்டது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை காலை, அதுவரை எழுதியதை எல்லாம் அவள் உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தம்பி எங்கடா?”

“எந்தத் தம்பி?”

“இந்தக் கதையில அவளுக்கு முதலாளி இருக்காரு, அம்மா இருக்காங்க, மெஷின் இருக்கு. தம்பியை மட்டும் காணோம். இது கதையா, இல்ல நீ ஒளிஞ்சுக்கற இடமா?”

அது சும்மா... கதைக்குத் தேவைப்படவில்லை... அதாவது வடிவம் என்று ஒன்று இருக்கிறது, அதில்

சரி. சொல்லித் தொலைக்கிறேன். அவள் போனால் அம்மாவை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மணி நேர ரயில் தூரத்தில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. அதில் ஜன்னலோரம் ஒரு மேஜை. யாரும் கூப்பிடாத காலைகள். இருபது வருடமாக நான் எழுதிய எல்லாம் அந்த மேஜையில் எழுதியதுதான். அக்கா இங்கே அம்மாவைத் தூக்கி உட்கார வைத்ததால்தான் நான் அங்கே உட்கார முடிந்தது. கடவுளிடமிருந்து அக்காவைக் காப்பாற்ற நான் வரவில்லை. என் மேஜையைக் காப்பாற்ற வந்தேன்.

இதைச் சொல்லாமல் நேரே வாதாடினேன்.

“பெத்த அம்மாவை விட்டுட்டு, யாரோ ஒருத்தரோட படுக்கையை மாத்தப் போறியா? இதுதான் பக்தியா?”

அவள் கோபப்படவில்லை. தலையணைக்கு உறை போட்டுக்கொண்டே பேசினாள்.

“அம்மாவுக்கு நீ இருக்கே. அவங்களுக்கு யாருமில்ல. ஆனா அதுக்காகவும் போகலடா. அவங்களுக்காகன்னு போனா ரெண்டு வருஷத்துல அலுத்துடும். அவருக்காகப் போறேன். அவர் மொத்தமா கேக்கறார்.”

“கேட்டாரா? எப்படிக் கேட்டார்?”

“உன் வயிறு பசிக்குதுன்னு உனக்கு யாரு சொல்றா?”

“அம்மாவை நினைச்சா கஷ்டமா இல்லியா?”

உறை பாதியில் நின்றது. “தினமும் அழறேன். குளிக்கற நேரத்துல. அதுக்காக முடிவு மாறல.”

“நான் கையெழுத்துப் போடலைன்னா?”

“உள்ள விடமாட்டாங்க. வாசல்ல உக்காந்திருப்பேன். எத்தனை நாள்னு பாத்துடலாம்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அம்மா கூப்பிட்டாள். “இதை முடிச்சுட்டு வரேம்மா!” என்றேன். அக்கா போனாள். (கணக்குக்குச் சொல்கிறேன்: நான் அடித்த வாக்கியங்கள் நிறைய. தடுமாறிப் பாதியில் விட்டதும் உண்டு. ஒருவர் கூப்பிட்டார் என்று எழுந்து போனதால் நின்ற வாக்கியம், என் வாழ்க்கையில் இதுவரை ஒன்றுகூட இல்லை.)

5

அம்மாவைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வாரம் அக்காவுடன் பேசவில்லையாம். கடவுளுடனும் பேசவில்லையாம்.

“எம் பொண்ணைக் கேக்கறதுக்கு அவருக்கு எப்படி வாய் வந்துச்சு?” என்றாள் என்னிடம். “இவளாவது என்னைக் கேட்டாளா? சொன்னா. கேக்கறதுக்கும் சொல்றதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?”

“அப்போ வேண்டாம்னு சொல்லேன்மா.”

“ஏன் சொல்லணும்? போறவ ஒழுங்கா போகட்டும். மூக்கால அழுதுக்கிட்டுப் போனா நானே விடமாட்டேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “உனக்கும் சேத்துத்தான் சொல்றேன். மூக்கால அழுதுக்கிட்டு என்னைத் தூக்கறதா இருந்தா, நான் இப்படியே உக்காந்துக்கறேன்” என்றாள்.

6

இப்போது அந்தப் படிவம்.

அதில் இருந்தது ஒரே வரி: ‘என் சகோதரி இல்லத்தில் சேர முழு மனதுடன் சம்மதித்து, என் தாயின் பராமரிப்பை முழு மனதுடன் ஏற்கிறேன்.’

நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? போட்டேன். வாக்கியத்தைத் திருத்திவிட்டுப் போட்டேன். இரண்டு இடத்திலும் ‘முழு’வை அடித்தேன். ஒரே வாக்கியத்தில் ஒரே அடைமொழி இரண்டு முறை வந்தால் கண்ணை உறுத்தும். ‘மனதுடன்’ என்றாலே போதும். பக்கத்தில் சின்ன எழுத்தில் காரணம்கூட எழுதினேன். தொழில் புத்தி.

புதன்கிழமை இல்லத்துத் தலைவி புதுப் படிவம் ஒன்றை அனுப்பியிருந்தார். மேலே ஒரு சீட்டு: ‘தம்பி, நடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு அந்தச் சொல் வேண்டும். உங்களிடம் அது இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் தப்பொன்றும் இல்லை.’

அக்கா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“உன் கையில குடுத்ததுல எதையாவது அடிக்காம இருந்திருக்கியாடா நீ?”

எனக்கு அழுகை வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

7

வெள்ளிக்கிழமை காலை ஏழரை. எட்டு பத்துக்கு பஸ். அக்கா பையைக் கட்டி வாசற்கதவருகே வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்குப் போகிறாள். படிவத்தோடு உள்ளே போவதா, வாசலில் உட்காருவதா என்பது மட்டும்தான் பாக்கி. முகம் தெளிவாக இருக்கிறது. இப்போதுதான் குளித்துவிட்டு வந்தாள்; கண் சிவந்திருக்கிறது.

முடிவுகள் கைவசம் மூன்று இருந்தன. அவள் பாதி வழியில் திரும்பி வருகிறாள் என்பது ஒன்று. அவளைத் தெரிந்தவர் யாரும் நம்பமாட்டார்கள். நான் கண்ணீர் மல்கக் கையெழுத்துப் போடுகிறேன் என்பது இன்னொன்று. என்னைத் தெரிந்தவர் யாரும் நம்பமாட்டார்கள். மூன்றாவதை நேற்றே கிழித்துவிட்டேன்.

புதுப் படிவம் இந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அந்தச் சொல் இரண்டு இடத்திலும் அடிபடாமல் இருக்கிறது. அக்கா போவதற்கான முதல் ‘முழு’வுக்குக் கையெழுத்துப் போடுவது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கான இரண்டாவதில்தான் பேனா நிற்கிறது. முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அம்மாவைத் தூக்க நீங்கள் வரப்போவதில்லை.

அம்மா கூப்பிடுகிறாள்.

பழக்க தோஷத்தில் அக்கா பாதி எழுந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா இன்னொரு முறை கூப்பிடுகிறாள். இந்தத் தடவை என்னை. வரேம்மா, இந்த வாக்கியத்தை