மாமா சேவ் செய்த வரைபடம்

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். பிராசஸரை இஷ்டத்துக்கு வேகமேற்றிக் கெடுத்துக்கொண்டு யாராவது கடைக்கு வந்தால் பிரசங்கம் பண்ணியே கொன்றுவிடுவேன். "எடுத்தோம் கவிழ்த்தோம்னு ஏத்தாதீங்க சார். கொஞ்சம் ஏத்தி, சூடு பார்த்து, சோதனை ஓட்டி, அப்புறம் அடுத்த படி. ராமை, அதான் மெமரியை, தனியா சோதிக்கணும்." ஊருக்குத்தான் உபதேசம்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பகலெல்லாம் மாமனார் உட்காருவார். ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன், வீட்டு வரைபடங்கள் போட்டு ஓர் இன்ஜினியருக்கு அனுப்புவார். மாலையில் அது என் கைக்கு வரும். பிராசஸரை முறைப்படிதான் ஏற்றினேன். பெரிய ஃபேன் மாட்டி, படிப்படியாகப் போய், சூடு கட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்தேன். ராமின் வேகத்தையும் ஏற்றினேன்; அந்த விஷயத்தில்தான் என் புத்தி புல் மேயப் போய்விட்டது. அதை முழுசாகச் சோதிக்க மணிக்கணக்கில் மெஷினைச் சும்மா விடவேண்டும். எனக்கோ அந்த வேகத்தைப் படம் பிடித்து, இப்படி வேகமேற்றுகிறவர்களின் ஓவர்கிளாக்கிங் குழுவில் போட்டுப் பீற்றிக்கொள்ள அவசரம். மெஷின் ஆன் ஆனது, கேம் ஓடியது, போதும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளிலேயே மாமாவின் ஃபைல்கள் திறக்க மறுத்தன.

"நேத்து சேவ் பண்ணித்தாம்மா மூடினேன்."

"பண்ணியிருக்க மாட்டீங்க மாமா. வேற எதையாவது அமுக்கியிருப்பீங்க."

இன்னொரு நாள் பாதி வேலையில் வரைபடம் தானாக மூடிக்கொண்டது. வந்த ஃபைல் உடைந்திருக்கிறது என்று இன்ஜினியர் ஃபோனில் கத்தினார். நான் மெஷினை ஒரு தடவைகூடச் சந்தேகிக்கவில்லை. நான் செட் பண்ணியதாயிற்றே! கணவரிடம், "அப்பாவுக்கு மறதி வந்துடுச்சுங்க. நல்ல டாக்டரா பார்த்துக் காட்டணும்" என்றேன். பாவி, குரலையாவது தணித்தேனா? பக்கத்து அறையில்தான் அவர் இருந்தார்.

அதற்கப்புறம் பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து போவார். பேத்தியை ஸ்கூலிலிருந்து கூட்டிவருவது அவர் வேலை. வழியில் நிற்கும் வண்டிகளுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தபடி வருவார்கள். அந்த நடைக்காகவே மத்தியானத்திலிருந்து கடிகாரத்தைப் பார்க்கிற மனுஷர், ஒருநாள் கடைக்கு ஃபோன் செய்தார்.

"இன்னிலேருந்து பாப்பாவ நீயே கூட்டிட்டு வந்துடும்மா. நான் நடுரோட்டுல எங்கயாவது விட்டுட்டு வந்துட்டேன்னா?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எவ்வளவு பொறுப்பாக யோசிக்கிறார் என்று மெச்சிக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

பிறகு கடைக்கு மட்டும் விடுமுறையான ஒரு நாளில் புதிதாக ஒரு கேமை ஏற்றினேன். பாதியில் பிழை காட்டி நின்றது. மறுபடி இறக்கி ஏற்றினேன்; மறுபடி நின்றது, வேறோர் இடத்தில். ஒவ்வொரு தடவையும் வேறு இடமென்றால் ராம் மேல்தான் சந்தேகம் வரும். ராம் சோதனையை ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். வேகத்தைப் பழைய நிலைக்கே இறக்கித் திரும்ப ஓட்டினேன். ஒரு பிழைகூட இல்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். காது இரண்டும் சுட்டது எனக்கு. அந்தச் சிவப்புத் திரையை ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன். மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தப்பு உங்க மேல இல்ல மாமா. நான் ராமை அளவுக்கு மீறி ஏத்தி, சோதிக்காம விட்டுட்டேன். அதுதான் உங்க ஃபைலையெல்லாம் கெடுத்திருக்கு. நீங்க ஒழுங்காத்தான் சேவ் பண்ணியிருக்கீங்க. உங்களைப் போயி மறதின்னு சொன்னேனே, நல்லா திட்டுங்க என்னை."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். என் தலையைத் தொட்டார்.

"என் மனசு நோகக்கூடாதுன்னு இவ்வளவு மெனக்கெட்டிருக்கியேம்மா."

"ஐயோ, இல்ல மாமா! சத்தியமா என் தப்புதான்!"

"போதும்மா. கம்ப்யூட்டர்ல நீ தப்பு பண்ணுவியா? எனக்குத் தெரியாதா?"

இத்தனை நாளும் வீட்டில் எல்லோரையும் அப்படி நம்பவைத்ததே நான்தானே.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஸ்கூல் விடுற நேரமாச்சு. பாப்பா காத்துக்கிட்டு நிக்கும், நீ கிளம்பு."