செங்கல் நிறப் புள்ளி

சும்மா ரிப்பேர் செய்து தருகிறார்களாம் என்று தையல்காரர் சொன்னபோதே காயில்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்யா. ஞாயித்துக்கிழமை, நூலகத்துக் கீழ் ஹால்ல. மிக்சி, ஃபேன், அயர்ன் பாக்ஸ், எதைக் கொண்டுபோனாலும் சரி பண்ணிக் குடுக்கறாங்க. சும்மா சும்மா தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கினா பூமி சூடாகுதாம்."

"சூடாகுதுன்னு அவங்களுக்கு யாரு போன் பண்ணிச் சொன்னது?"

"போன் எதுக்கு? உன் கடைக்குள்ள வந்து நின்னாத் தெரியுமே."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டுத் தையல்காரர் பக்கத்திலிருந்த தன் கடைக்குப் போனார். காயில்காரர் சிரிக்கவில்லை. ஒரு காலத்தில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர் என்பதால் வந்த பெயர் அது. இப்போது அந்த வட்டாரத்தில் மிக்சி நின்றாலும் ஃபேன் நின்றாலும் அவர் கடைக்குத்தான் வரவேண்டும். வேறு கடை கிடையாது. வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது. யாராவது நல்ல காரியம் என்று எதையாவது சொன்னால், அதன் அடிமூடியைக் கழற்றிப் பார்க்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இலவசமாம். யார் வீட்டுப் பணம்? நல்ல மோட்டாரைக் கழற்றிக்கொண்டு சொத்தை மோட்டாரை மாட்டி அனுப்புவார்கள். இல்லையென்றால் நாளைக்கே எதிர்ப்பக்கம் பெரிய சர்வீஸ் சென்டர் திறப்பதற்கு இன்றைக்கு ஆள் பிடிக்கிறார்கள். எப்படியானாலும் தன் கடைக்குப் பூட்டு. கையும் களவுமாகப் பிடித்து, ஹாலில் நாலு பேர் முன்னால் நாறடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, சமையலறையிலிருந்த மிக்சியைத் தூக்கினார். அதன் வயரை நடுவில் பிடித்து மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கினார். வெளியுறையில் ஒரு கீறல் விழவில்லை. உள்ளே செம்பு மட்டும் ஒடிந்தது. கை வைத்துப் பார்க்கிற எவனுக்கும் சட்டென்று பிடிபடாத பழுது. மோட்டார் போச்சு என்று அவர்கள் சொல்லவேண்டும். சொன்ன மறுநிமிடம் இவர் ஆரம்பிப்பார்.

ஹால் வாசலிலேயே ஒரு குவியல் இருந்தது. அந்த வட்டாரத்து வீடுகளிலிருந்து குப்பைக்குப் போன மிக்சிகள், அடிமூடி கழற்றப்பட்டு, குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தன. நூலகர் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு புது மிக்சி செய்யறதுக்கு எங்கேயோ செம்பு தோண்டணும், உருக்கணும், பிளாஸ்டிக் காய்ச்சணும், கப்பல்ல ஏத்தணும். அத்தனையும் புகை. இதுல பாதி மிக்சி இன்னும் எவ்வளவோ வருஷம் ஓடியிருக்கும். ஓடவிடாமப் பண்ணியிருக்காங்க."

"அதென்ன சார், உள்ளுக்குள்ள ஒரு புள்ளி?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அதத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம். இந்தப் புள்ளி இருக்கற எல்லாத்துலயும் ஒரே கதை. பாதி தேஞ்ச கார்பன். ஆள் மட்டும் யாருன்னு தெரியல."

காயில்காரர் கையிலிருந்த மிக்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

புள்ளி அவருடையதுதான். தான் திறந்த எந்த இயந்திரத்திலும் உள்ளே ஓரமாக ஒரு புள்ளி வைத்துவிடுவார். வேறு எவனாவது கை வைத்துவிட்டு நீதான் கெடுத்தாய் என்று தன்னிடம் வந்து நிற்கக் கூடாது பாருங்கள். சிவப்பு என்றால் எவனும் வைத்துவிடுவான் என்று, மனைவியின் நகப்பூச்சை எடுத்துக்கொண்டார். செங்கல்லை அரைத்துக் குழைத்த மாதிரி ஒரு நிறம். அவளைத் தவிர யாரும் அதை வாங்கி அவர் பார்த்ததில்லை.

கார்பன் கதையும் உண்மைதான். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் சின்னக் கருப்புக் கட்டி அது. ஓட ஓடத் தேயும். புதுசு என்று சொல்லிவிட்டு, வேறொரு மிக்சியிலிருந்து கழற்றிய பழசைப் போடுவது அவர் கைக்குப் பழகிப்போன வேலை. சீக்கிரம் திரும்பி வரும். இரண்டு மூன்று தடவை வந்த பிறகு தீப்பொறி பட்டு மோட்டாரே கருகிவிடும். புதுசு வாங்கிக்கோங்க என்பார். பழசைச் சிலர் கடையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அதிலிருந்து மறுபடி கார்பன்.

திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தார். இரும்புப் பிடி மாதிரி ஒரு கை தோளில் விழுந்தது.

"யோவ், நீயே வந்துட்டியா! கடைக்காரனே கியூவில நிக்கறான், ஊரு உருப்பட்டுடும்" என்றார் தையல்காரர். அவர் கக்கத்தில் தையல் மெஷினின் மோட்டார் இருந்தது. "உனக்கும் சேத்து டோக்கன் வாங்கிட்டேன். எனக்கு முன்னாடி நீதான்."

"இல்ல, எனக்கு வேலை..."

"ஞாயித்துக்கிழமை உனக்கு என்ன வேலை? நட."

மேஜையில் உட்கார்ந்திருந்தவள் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். விடுமுறை நாளை இதற்குக் கொடுத்திருந்தாள். மிக்சியை வாங்கினாள். மீட்டரை வைத்தாள். வயரை விரலால் நீவிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தினாள்.

"அண்ணே, வயர் வழக்கமா எங்க ஒடியும் சொல்லுங்க?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

"பிளக் ஓரம் ஒடியும். மிக்சி ஓரம் ஒடியும். நட்டநடுவுல எப்பவும் ஒடியாது. ஒடிச்சாத்தான் உண்டு." நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். "வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"ம்... இருக்கு" என்றார். இல்லை.

சட்டென்று பிடிபடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடுவில் ஒடித்ததே காட்டிக்கொடுத்துவிட்டது. போகட்டும். வயரோடு முடிந்தால் போதும். அவள் ஒடிந்த துண்டை வெட்டி எறிந்து, மிச்ச வயரை இணைத்துக் கொடுத்ததும் மிக்சியை இழுத்தார். அவள் விடவில்லை.

"இருங்க. வந்த எதையும் திறந்து பாக்காம அனுப்பறதில்ல."

"அதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு."

"நல்லா இருந்தாப் பாத்துட்டு மூடிடப் போறேன். உங்களுக்கு என்ன பயம்?"

"யோவ், பயப்படறான் பாரு" என்றார் தையல்காரர், சந்தோஷமாக.

திருகாணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அடிமூடி விலகியது. புள்ளி இருந்தது. லிஃப்ட்காரி கார்பனை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். கொட்டைப்பாக்கில் பாதிகூட இல்லை.

"அண்ணே, இத எங்க ரிப்பேருக்குக் குடுத்தீங்க?"

நூலகர் குவியலை விட்டு வந்துவிட்டார். வரிசை கலைந்து மேஜையைச் சுற்றி நின்றது. எந்தப் பெயரைச் சொல்லலாம் என்று காயில்காரர் தேடிக்கொண்டிருந்தபோது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வந்தாள். ஈரத்தலை கூட இன்னும் காயவில்லை.

"அரைக்கறதுக்கு எல்லாத்தையும் வறுத்து வச்சுட்டுத் திரும்பினா மிக்சியக் காணோம்! எதிர்வீட்டுக்காரி சொல்றா, நீங்க தூக்கிட்டு ஓடினீங்கன்னு. நம்ம மிக்சிக்கு என்னங்க கேடு? போன மாசம்தானே கார்பன் மாத்தினீங்க?"

லிஃப்ட்காரி கார்பனை மேஜைமேல் வைத்தாள்.

"யாரு மாத்தினது?" என்றாள் லிஃப்ட்காரி.

"இவருதான். வேற யாரு? இதோ, இங்கதானே..." என்று மனைவி குனிந்து மிக்சிக்குள் விரல் வைத்தாள்.

விரல் அங்கேயே நின்றது. நகமும் புள்ளியும் ஒரே நிறம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பாட்டில் எப்படி இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள். பிறகு மேஜைமேல் கிடந்த கார்பனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவளுக்குப் பழசு எது, புதுசு எது என்று தெரியாதா?

"நம்ம வீட்டுக்குமா?"

நம்ம வீட்டு மிக்சி என்று அவர் கை பார்க்கவில்லை. கைக்கு வந்ததைப் போட்டது, அவ்வளவுதான்.

"அப்ப என் மெஷின் மோட்டார்?" என்றார் தையல்காரர். இந்தத் தடவை சிரிப்பில்லை. "தீபோல காயுதுன்னு சொன்னேனே. துணி கனமா தைக்கறேன்னு என்னையே திட்டினியேய்யா."

பின்னாலிருந்து வேறு குரல்களும் எழுந்தன. என் ஃபேன், என் அயர்ன் பாக்ஸ் என்று. சட்டையைப் பிடிக்கப் போகிறார்கள் என்று காயில்காரர் நினைத்தார். லிஃப்ட்காரி எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"இந்தக் கியூவில பாதி உங்க புள்ளிதான். நான் எதுக்குத் தேடித் தேடிப் பாக்கணும்? எதுல எதப் போட்டீங்கன்னு உங்களுக்கே தெரியும்."

இதில் என்ன பொறி இருக்கிறது என்று அவர் நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார். உட்காராமல் வெளியே போனால் நாளையிலிருந்து கடையில் ஈ ஓட்டவேண்டும். உட்கார்ந்தால் அத்தனை பேர் முன்னாலும் தன் வேலையைத் தானே கழற்றிக் காட்டவேண்டும். உட்கார்ந்தார்.

"கடையில புதுக் கார்பன் இருக்கு. போய் எடுத்துட்டு..."

"நீங்க எழுந்திருக்காதீங்க" என்றாள் மனைவி. "சாவியக் குடுங்க. உங்கள அனுப்பினா அங்கயும் பழசத்தான் பொறுக்கிட்டு வருவீங்க."

ஹாலே சிரித்தது. அவர் சாவியைக் கொடுத்தார்.

முதலில் தையல்காரரின் மோட்டார். காயில்காரர் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை; விரலை அசைத்தால் பத்துத் தலை கூட அசைந்தது. மனைவி கொண்டுவந்து வைத்த கார்பனைத் தையல்காரர் வாங்கி, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து நீளம் பார்த்தார். பழசையும் பார்த்தார். பார்த்துவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்றை மெதுவாகச் சொன்னார். மோட்டார் ஓடியது. சத்தம் சீராக வந்தது.

காயில்காரர் மூடியை எடுத்துத் திருகப் போனார்.

"புள்ளி எங்க?" என்றார் தையல்காரர்.

"இன்னும் எதுக்குய்யா அது?"

"வைய்யா. நாளைக்கு நின்னுபோச்சுன்னா யாரு கழுத்தப் பிடிக்கறதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

கார்பனோடு சேர்த்துக் கடையிலிருந்து எடுத்துவந்த நகப்பூச்சுப் பாட்டிலை மனைவி பையிலிருந்து எடுத்தாள். அவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. புதுக் கார்பன் உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, தானே புள்ளியை வைத்தாள். பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அடுத்தது யாரு?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.