நாத்தனாருக்கு ஒரு காதல் கதை

அவள் எழுதிய இருபத்து மூன்று காதல் நாவல்களிலும் வில்லி யாரென்று பார்த்தால் நாத்தனார்தான். இதை அவள் தானாகக் கவனிக்கவில்லை. சொந்த நாத்தனாரே வந்து எண்ணிச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

எழுத ஆரம்பித்தது பதினாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் பரிசோதனை முடிந்து வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவது அங்கே அவள் வேலை. ஆள் வராத நேரத்தில் பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் ஒரு கதாநாயகனை நடமாட விட்டாள். கடை முதலாளி பார்த்துவிட்டார். "வேலை நேரத்துல என்னம்மா கிறுக்கல்?" என்று வாங்கியவர், நாலு பக்கம் நின்றுகொண்டே படித்தார். பிறகு குரலைத் தணித்து, "அப்புறம் அவன் திரும்பி வந்தானா இல்லையா?" என்றார். தன் தொழில் எதுவென்று அவளுக்கு அந்த நிமிஷமே பிடிபட்டுவிட்டது. ஐந்தாவது நாவல் வந்த கையோடு கடையை விட்டாள்.

இப்போதெல்லாம் அட்டையில் அவள் பெயர் இருந்தால் போதும், படம்கூட வேண்டாம் என்பார் பதிப்பாளர். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை சாப்பாட்டு மேஜைதான் அவளுக்கு ஆபீஸ். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் உப்பு டப்பா எங்கே என்றுகூடக் கேட்கமாட்டார், தானே தேடிக்கொள்வார். காதல் கதைதானே என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால், "ஆமா, அதேதான். நீங்க ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்" என்பாள், சிரித்த முகத்தோடு.

அப்படிப்பட்டவள் முன்னால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து நின்றாள். வீட்டுக்காரரின் தங்கை. நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று மெஷின் போட்டுச் சொந்தமாகத் தையல் கடை நடத்துகிறாள். பை நிறையக் கொண்டுவந்த புத்தகங்களை மேஜையில் கொட்டினாள்.

"அண்ணி, இதுல கடிதத்தை ஒளிச்சு வைக்கிறது யாரு? நாத்தனார். இதுல பால்ல தூக்க மாத்திரை கலக்குறது? நாத்தனார். இதோ, மாடிப்படியில எண்ணெய் ஊத்துறது?"

"கதைன்னா ஒரு வில்லி வேணாமா?"

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா? அளவு குடுக்க வர்றவங்க எல்லாம் என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க. கத்திரிக்கோலை எடுத்தா ரெண்டடி பின்னால போறாங்க!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. இவள் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

கல்யாணமாகி வந்த புதிதில் தான் டைபாய்டில் கிடந்தபோது பன்னிரண்டு நாள் கட்டிலை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டவள் இந்த நாத்தனார். பிறகு அந்த வில்லி எங்கிருந்து வந்தாள்? எங்கிருந்தும் வரவில்லை. கைக்கு வாகாக இருந்தாள், எடுத்துப் போட்டுக்கொண்டே போயாயிற்று. சுத்தச் சோம்பேறித்தனம். அவள் எழுத்தில் குறை கண்டுபிடிக்க எத்தனையோ பேர் மெனக்கெட்டிருக்கிறார்கள். எதையும் அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. இது தைத்தது.

"தப்பு என்னோடதுதான்" என்றாள். "அடுத்த கதையில நீதான் கதாநாயகி."

"ஐயோ, ஆளை விடுங்க!" என்ற நாத்தனார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாளிலிருந்து அண்ணி மத்தியானங்களில் தையல் கடைக்குப் போக ஆரம்பித்தாள். முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள், நோட்டில் குறிப்பாள். நாலாவது நாள் கேட்டேவிட்டாள்.

"உன் மனசுல யாரும் இருந்ததே இல்லையா?"

"ஏன் இல்லாம? மெஷின் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் ஏழு வருஷம் வந்தாரு. நல்லா ஓடுற மெஷினையே கழட்டி மாட்டிட்டுப் போவாரு."

"அப்புறம்?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன்."

எழுத்தாளருக்குக் காது கூர்மையாகிவிட்டது. "யாரு தடுத்தாங்க?"

"யாரும் தடுக்கல. காலையில வந்து கடையைத் திறக்கிறது எனக்குப் புடிக்கும். சாயங்காலம் அவர் வந்து பேசிட்டுப் போறதும் புடிச்சிருந்துச்சு. ஒரே வீட்டுக்குள்ள போட்டா ரெண்டும் கெட்டுப்போயிடும்னு தோணிச்சு." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சேர்த்துச் சொன்னாள்: "அண்ணி, என்னை மட்டும் அழ வச்சிடாதீங்க. நான் அழவே இல்ல."

மூன்று அத்தியாயம் அழவைக்க அண்ணி திட்டம் போட்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அடித்தாள்.

நாலு மாதத்தில் நாவல் முடிந்தது. கதாநாயகி கல்யாணத்தை மறுக்கிறாள், ஆளை மறுக்கவில்லை. தினமும் வரச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

பதிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். "எல்லாம் பிரமாதம்மா. ஆனா கல்யாணத்தைக் காணோமே! நம்ம வாசகிங்க புத்தகத்தைத் தூக்கி அடிப்பாங்க."

"அடிக்கட்டும் சார். அடிச்சிட்டு, எடுத்து மறுபடி படிப்பாங்க. அவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அதுல என்ன இருக்குன்னு நான் வேற சொல்லணுமா?"

பதிப்பாளர் தலையைச் சொறிந்தார். "நாலு பக்கம் சேர்த்தா போதும்மா. ஒரு மண்டபம், ஒரு மாலை..."

"ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன். வேணாம்னா சொல்லுங்க, வேற இடம் பாக்குறேன்."

அவர் போட்டார்.

முதல் இரண்டு வாரம் வசவுதான் வந்தது. ஒரு வாசகி கல்யாண அத்தியாயத்தைத் தானே எழுதி அனுப்பியிருந்தாள், மோசமில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து காற்று திசை மாறியது. ஒரு நர்ஸ் எழுதினாள், ஒரு பஸ் கண்டக்டர் எழுதினாள், பேரன் பேத்தி எடுத்த ஒரு அம்மாள் எழுதினாள்: எனக்கும் ஒருத்தர் இருந்தார், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று. இரண்டு மாதத்தில் மறுபதிப்பு.

நாத்தனார் புத்தகத்தில் அங்கங்கே துணித்துண்டு அடையாளம் வைத்துக்கொண்டு வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"காஜாவைத் தப்பா எழுதியிருக்கீங்க. பட்டன் தைச்சு முடிச்சிட்டு யாராவது அதுக்கு ஓட்டை எடுப்பாங்களா?"

"மறுபதிப்புல மாத்திடறேன். மத்தபடி?"

நாத்தனார் துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். "மத்தபடி நான்தான்" என்றாள்.

அன்றிலிருந்து பதிப்பாளருக்கு முன்னால் கைப்பிரதி நாத்தனாரிடம் போகிறது. இருபத்தைந்தாவது நாவலின் மூன்றாவது அத்தியாயம் இழுவை என்று சொல்லிவிட்டாள். அண்ணி அதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். "இல்ல, சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நாலாவதை எழுத உட்கார்ந்தாள்.