மாமா மேலே போன கதை

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும், மாமனார் அவனை ஒரு தடவைகூட 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. பெண் தன்னைக் கேட்காமல் கட்டிக்கொண்டாள் என்ற கோபம். 'நீ' என்று சொல்ல வாய் வரவில்லை, 'நீங்க' என்று சொல்ல மனசு வரவில்லை. டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனுஷன் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து கண்டுபிடித்திருந்தார். "சாப்பிடலாமே." "உட்காரலாமே." யாரிடம் சொல்கிறார் என்று நாற்காலிக்குக்கூடத் தெரியாது.

"மலையில நீங்க ரெண்டு பேர்தான். பேசித்தானே ஆகணும்?" என்று மனைவி திட்டம் போட்டாள். மலையடிவார விடுதிக்கு வந்து சேர்ந்ததும் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தது. தைலம் கேட்காத தலைவலி.

மாமனார் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே மெக்கானிக். நாள் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்குகிறவன்தான். ஆனால் பொத்தானை அமுக்கி. முதல் மேட்டிலேயே நாக்குத் தள்ளிவிட்டது.

"மூச்சு வாங்கினா நிக்கலாம்," என்றார் மாமனார், ஒரு பாறையைப் பார்த்து.

"பரவால்ல மாமா," என்று பாறைக்காக இவன் பதில் சொன்னான்.

உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் முழங்கால் கைவிரித்துவிட்டது. மாமனார் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கத்தில் வைத்தார். "இங்கேயே இருக்கலாம். தண்ணி குடிக்கலாம்," என்று காற்றுக்கு உத்தரவு போட்டுவிட்டு விறுவிறுவென்று ஏறிப் போனார். இவனுக்கு அழுகையே வந்தது. இவ்வளவு பாடுபட்டு வந்ததெல்லாம் பாழாய்ப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"அப்பா எங்கே? பேசினாரா?"

"மாமா மேல போயிட்டாரும்மா."

லிஃப்ட்காரன் வாயில் நாள் முழுக்கப் புரள்கிற வார்த்தை அது.

"என்னது?"

"மேல போயிட்டாரு. கடைசிவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. என்னால ஒண்ணும் பண்ண முடியல..."

தொடர்பு அறுந்தது. அழாத குறையாகச் சொன்னது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான்.

கொஞ்ச நேரத்தில் உச்சியிலிருந்து விசில் காதைக் கிழித்தது. தொடர்ந்து, மைதானத்தையே நடுங்க வைத்த அந்தப் பழைய குரல்:

"யோவ் மாப்பிள்ளை! நான் எங்கய்யா செத்தேன்? ஏறிட்டேன்னு சொல்ல உங்க அத்தைக்குப் போன் போட்டா, என் குரலைக் கேட்டதும் அலறிப் போனைத் தூக்கி எறியிறா! பின்னால உங்க பொண்டாட்டி, 'மேல போயிட்டாருன்னு அவரே சொன்னாரே'ன்னு ஒப்பாரி வைக்கிறா! மேல போயிட்டாருன்னா சொல்வீங்க? உச்சிக்குப் போயிருக்காருன்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

மெக்கானிக் ஒற்றைக் காலில் எழுந்து நின்றான். திட்டில் முக்கால்வாசி அவன் மண்டையில் ஏறவே இல்லை. கூப்பிட்ட வார்த்தையிலேயே கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையையும் வாயருகே குவித்து மேலே பார்த்துக் கத்தினான்.

"சரியாக் கேக்கல மாமா! முதல்ல இருந்து சொல்லுங்க!"