வெண்கலக் கரண்டியில் கண்மை

1.
இந்தக் கதை என் மனைவி கேட்ட கேள்வியில் தொடங்கியது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரல் நீளத்தில் ஒரு வெண்கலக் கரண்டி. ‘பழங்கால ஒப்பனைக் கருவி’ என்று அட்டையில் எழுதியிருந்தது. மனைவி குனிந்து பார்த்துவிட்டு, “ஏங்க, இது காது குடையறதுதானே?” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் காது குடைவதை வைத்துக் கதை எழுதினால் யார் மதிப்பார்கள்?

2.
ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், நிலவொளியில், ஒரு பேரழகி (வேண்டாம். பேரழகி வந்தால் ராஜா வருவான். ராஜா வந்தால் யானைக்கு நான் எங்கே போவேன்?)

3.
ஆகவே, கரண்டியைச் சுத்தம் செய்தவளிடம் போகிறேன். அருங்காட்சியகத்தின் பின்கட்டில் அவளுக்கு வேலை. கையுறை மாட்டிக்கொண்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஊசி முனையால் பச்சைக் களிம்பைச் சுரண்டி எடுப்பாள். கண்ணுக்கு மை தீட்டாமல் வீட்டு வாசலைத் தாண்டமாட்டாள். (இதை மறந்துவிடாதீர்கள்.)

கரண்டிக் குழியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்து ஆய்வுக்கு அனுப்பினாள். கரியும் ஆமணக்கெண்ணெயும், இன்று கடையில் விற்கும் கண்மை மாதிரியே இருக்கிறது என்று பதில் வந்தது.

துறைத்தலைவர் துள்ளிக் குதித்தார். “பாத்தியாம்மா! ரெண்டாயிரம் வருஷமா பக்குவம் மாறவே இல்ல!” ஓய்வு பெறப்போகிறவர். இத்தனை காலத்தில் அவர் பேர் சொல்ல ஒரு கண்டுபிடிப்பும் கிடையாது. மறுநாளே வரும்படி பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார்.

அன்று மாலை மைக்ரோஸ்கோப்பைத் துடைக்கும்போதுதான் அவள் பார்த்தாள். கண் வைக்கும் இடத்தில் ஒரு கறுப்பு வளையம். அவளுடைய மை. அந்த இடத்தைக் கையுறை விரலால் திருகிச் சரிசெய்துவிட்டு, அதே விரலால்தான் கரண்டியைப் பிடித்திருந்தாள்.

4.
(துறைத்தலைவரை முதலில் சிடுமூஞ்சியாகத்தான் எழுதினேன். அப்படியிருந்தால் உண்மையைச் சொல்வது சுலபம். ஆனால் மனிதர் வீட்டுக்குப் போன் போட்டு, “நான் ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன்டி” என்றபோது குரல் உடைந்துவிட்டது. அந்த வரியை அடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

5.
மறுநாள் அவள் மை போடாமல் வந்தாள். சொல்லிவிடுவது என்று முடிவு.

“சார், அந்தக் கரண்டி விஷயமா ஒண்ணு...”

அவர் அவள் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏம்மா, இன்னைக்கு மை போடலையா?”

“இல்ல சார். அதைத்தான்...”

“போட்டுட்டு வாம்மா. போட்டோ எடுப்பாங்க.”

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

6.
முடிவு ஒன்று: அவள் நேராகப் போய் (அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அவரே மைக்கைப் பிடித்து (இதையும்.)

இப்போது அவள் கழிவறைக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். கையில் மை, மூடி திறந்திருக்கிறது. போட்டுக்கொண்டு வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். வெறுங்கண்ணோடு வந்தால் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவாள்.

மனைவியிடம் கேட்டேன். “போட்டுக்கச் சொல்லுங்க, பாவம் அந்த மனுஷன்” என்றாள். உடனே, “வேணாம் வேணாம், இருங்க, யோசிக்கிறேன்” என்றாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

உங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. பத்திரிகைக்காரர்கள் மாடிப்படி ஏறிவிட்டார்கள்.