வண்டிக்குள் கூவிய சேவல்

ரயில் பாதையின் ஜல்லியில் ஸ்ட்ரெச்சரை உருட்ட முடியாது. தூக்கித்தான் வர வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில், திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே, ராஜவேலு முன்பக்கமும் பூபாலன் பின்பக்கமும் பிடித்து நடந்தார்கள். காலடியில் கல் புரண்டது. பனியில் நனைந்த இரும்புக் கைப்பிடி வழுக்கியது. கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது. வலதை ராஜவேலுவும் இடதை பூபாலனும் மாட்டியிருந்தார்கள். பிண வாடைக்கு மூக்கை மறைக்க எதுவும் இல்லை.

"அண்ணா, பாத்து. கம்பி கீது" என்றாள் டார்ச் பிடித்து முன்னால் போன நர்ஸ் நிர்மலா.

உடலை ஆம்புலன்ஸில் ஏற்றியதும் பூபாலன் இருக்கைக்கு அடியில் கைவிட்டுக் குவார்ட்டர் பாட்டிலை எடுத்தான். முதலாளி சந்திரமோகனின் மூன்று வண்டிகளிலும் அது வழக்கம். பிணம் என்று அழைப்பு வந்தால் சாவியோடு பாட்டிலும் வரும். போர்வை தீர்ந்துபோகும், கையுறை தீர்ந்துபோகும். அது மட்டும் தீர்ந்ததே இல்லை.

பழக்கதோஷத்தில் பூபாலன் முதலில் மச்சான் முறையான ராஜவேலுவிடம் நீட்டினான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"மறந்துட்டேன் பாவா."

"பரவால்ல. அப்பிடி திரும்பிக் குடி."

அரசு மருத்துவமனையின் போதை மீட்பு வார்டிலிருந்து ராஜவேலு திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. வியாழக்கிழமைதோறும் வந்து பேசிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார் டாக்டர். பாட்டில் இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள் என்றும் சொன்னார். "அது எங்க வண்டிலதான் டாக்டர் கீது" என்றான் ராஜவேலு. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார்.

கை நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் குடி இத்தனை நாள் எதை மூடி வைத்திருந்ததோ அது எழுந்து வந்தது.

போன ஆடியில் பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஒருவர் ஓடும் ரயிலிலிருந்து விழுந்தார். மூட்டை அவிழ்ந்து புது லுங்கிகள் தண்டவாளம் நெடுக விரிந்து கிடந்தன. வண்டியில் போர்வை இல்லை. அவர் விற்கக் கொண்டுபோன லுங்கியிலேயே அவரைச் சுற்றினார்கள். சவக்கிடங்கு வரை அவர் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே வந்தது. சேவல் கூவுகிற ரிங்டோன். எடுக்கக் கூடாது, வீட்டுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார். அடித்து ஓயும். மறுபடி கூவும்.

இப்போது பாதையோரக் குடிசை ஒன்றில் நிஜச் சேவல் கூவியது. சாவியைத் திருகப்போன ராஜவேலுவின் கை அப்படியே நின்றது. பின்னால் பூபாலன் மிச்சத்தை ஒரே மூச்சில் வாயில் கவிழ்த்தான்.

உடலை ஒப்படைத்துவிட்டு அவர்கள் பைபாஸ் ஓரத்து ஷெட்டுக்கு வந்தபோது, மலைக்கோயிலுக்குப் போய்வந்த சந்திரமோகன் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், இனிமே வண்டில பாட்டில் வெக்காதீங்க" என்றான் ராஜவேலு. "வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவணும். காலைல மட்டும் லீவு வோணும்."

"அது பாட்டில் இல்ல நைனா, மருந்து. அது இல்லாம பொணத்த எவன் தொடுவான்?"

"கையுறை குடுங்க, தொடறோம்."

"ஆங்! ஒரு மாசம் ஆஸ்பத்திரி கஞ்சி குடிச்சிட்டு வந்ததும் வாய் நீண்டுடுச்சே. குடிக்கலன்னா நீ தூங்கமாட்ட. தூங்காதவன் வண்டிய மரத்துல சொருவுவான்."

"பெருமாள் குடிச்சிட்டுத்தான சார் சொருவினாரு?"

பெருமாள் அந்த வண்டியின் பழைய ஓட்டுநர்; மரத்தில் மோதிச் செத்துப்போனவர்.

"குடிகாரன், நான் பொறுப்பில்லன்னு போலீஸ் ஸ்டேஷன்ல நீங்கதான் சொன்னீங்க. அவர் பொண்சாதி இதே வாசல்ல நின்னுகினு அழுதுது. அந்த பாட்டில குடுத்தது யாரு சார்?"

"சாவிய வெச்சிட்டுப் போய்கினே இரு."

ராஜவேலு சாவியை மேசைமேல் வைத்தான். திரும்புவதற்குள் பூபாலன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் வாயில் இன்னும் சாராய வாடை போகவில்லை.

"அப்ப நானும் வரலீங்க."

"உனக்கு இன்னாடா?"

"எனக்கும் கேக்குது சார்."

"இன்னா கேக்குது?"

"சேவல்."

ராஜவேலு அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"பாவா தனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நெனச்சிகினு கீறாரு. எங்க ஊட்ல இருந்த சேவல நான் வித்தே புட்டேன். அப்பவும் கேக்குது. அதுக்குத்தான் ஊத்திகினு கீறேன்."

நிர்மலா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் குடிக்கறதில்ல. தூக்க மாத்திர போட்டுகினு படுக்கறேன். ரெண்டும் ஒண்ணுதான்."

ஒரே வண்டியில் உட்கார்ந்து போய்வந்த மூன்று பேர். ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு, தனித்தனியாக அதே கூவலைக் கேட்டிருக்கிறார்கள்.

நிர்மலா வெளியே போனாள். மூன்று வண்டியின் இருக்கைக்கடியிலும் துழாவி, இருந்த பாட்டில்களையெல்லாம் அள்ளி வந்து சந்திரமோகனின் மேசையில் வைத்தாள். சாமி பிரசாதத் தட்டு ஓரமாக நகர்ந்தது.

"மத்த ரெண்டு வண்டி ஆளுங்களும் இதத்தான் சொல்வாங்க, கேட்டுப் பாருங்க. கையுறை, மாஸ்க், போர்வை வோணும். ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள வேலைய விட்டுத் தூக்கக் கூடாது."

"மூணு பேரும் சேந்துகினு மெரட்டறீங்களா?"

அப்போது போன் அடித்தது. நெடுஞ்சாலையில் லாரியும் ஷேர் ஆட்டோவும் மோதிவிட்டன. ஆட்கள் உயிரோடு கிடக்கிறார்கள். சந்திரமோகன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தார்.

ராஜவேலுவே சாவியை எடுத்தான்.

"உயிர் கெடக்குது. அதுக்கு வண்டி நிக்காது. போய்ட்டு வந்து மிச்சத்த பேசறோம்."

"வரும்போது இங்க வேற டிரைவர் இருப்பான்."

"அவனுக்கும் ஒருநாள் கேக்கும் சார்" என்றான் பூபாலன்.

வண்டி பைபாஸில் ஏறியது. சைரன் அலற, பூசணிக்காய் ஏற்றிய டெம்போ ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. பூபாலனின் கை தன்னால் இருக்கைக்கடியில் போனது. வெறுங்கையாகத் திரும்பியது.

"நாளைக்கு வியாழக்கெழமதான பாவா?"

"ஆங்."

"எனக்கும் ஒரு சீட்டு போடச் சொல்லு."

"மொதல்ல கை நடுங்கும்டா. ராவெல்லாம் வேர்க்கும். செத்துடலாம்னு இருக்கும்."

"நீ பக்கத்துல ஒக்காந்துகினு இரு. போதும்."

"நானும் வர்றேன்" என்றாள் நிர்மலா. "அந்த மாத்திரைய எப்பிடி விடறதுன்னு கேக்கணும்."

சாலையோரக் கூரை ஒன்றின்மேல் ஏதோ ஒரு சேவல் கூவியது. சைரனையும் மீறிக் கேட்டது. ராஜவேலுவின் முதுகு விறைத்தது. பின்னாலிருந்து பூபாலனின் கை வந்து அவன் தோளைப் பிடித்தது.

ராஜவேலு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. வண்டி அதே வேகத்தில் போனது.