முழு அளவில் ஒரு படம்

நெவில் ஸ்போவேஜ் கைபேசியைக் கையில் பிடித்துப் படம் எடுப்பதில்லை. மனைவி ஜானிஸின் தடிமனான சமையல் புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு பிஸ்கட் டப்பாவில் கைபேசியைச் சாய்த்து, தானாகப் படம் விழுகிற மாதிரி அமைத்துவிட்டு விலகி நிற்பார். எதிரே வெள்ளை அட்டை, இரண்டு பக்கமும் மேஜை விளக்கு, நடுவில் கட்டைவிரல் உயரத்தில் ஓர் ஈயச் சிப்பாய். "படம் எடுக்கறியா, இல்ல அவனுக்கு ஆபரேஷன் பண்றியா?" என்று சிநேகிதர் டெரிக் கேட்டதுண்டு. கை அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று நெவில் சொல்லுவார். அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. ஒரு வருஷமாக அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. டாக்டரிடம் போகவில்லை. ஜானிஸிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஜெனரல் போய்விடுவார் என்று பயம்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் தெருவுக்கு ஒருத்தராவது இந்தச் சின்னச் சிப்பாய்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பார். அதன் பீஸ்டன் பகுதியில் இருப்பவர்கள் செவ்வாய்க்கிழமை சர்ச் ஹாலில் கூடுவார்கள். இலையுதிர் காலத்துக் கண்காட்சியில் இவர்கள் கிளப் ஒரு பழைய போர்க்களத்தைப் பெரிய மேஜையில் பரப்பி வைக்கும். நூற்றுக்கணக்கான சிப்பாய்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆனால் ஜெனரல் ஒருத்தர்தான். குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் அவரைத்தான் வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்ப்பார்கள். அந்த ஜெனரல் வருஷா வருஷம் நெவிலுடையவர். வேலையில் இருந்த காலம் முழுவதும் அவர் பஸ் ஓட்டினார். அப்போது ஒருத்தரும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது அவர் தீட்டிய முகத்தை ஊரே பார்த்தது. அதுவும் போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

கிளப்பின் இணையப் பக்கத்தில் எல்லாரும் படம் போடுவார்கள். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. படத்துக்குக் கீழே 'குறை இருந்தால் சொல்லுங்கள்' என்று ஒரு வரி எழுதினால், வந்து தோலை உரித்துத் தொங்கவிடுவார்கள். எழுதாவிட்டால் குதிரைக்கு ஐந்து கால் இருந்தாலும் 'அருமை' என்று போட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவு நாகரிகம். நெவில் முன்பெல்லாம் அந்த வரியை எழுதாமல் ஒரு படமும் போட்டதில்லை. கை நடுங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தார்.

இன்னொரு தந்திரமும் செய்தார். படங்களை இலவசமாக வைத்துக்கொள்ள இடம் தரும் ஒரு தளத்தில் ஏற்றுவார். கிளப் பக்கத்தில் எந்த அளவில் தெரியவேண்டும் என்று அது கேட்கும். 'சிறியது' என்று கொடுப்பார். சிறிய அளவில் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகத் தெரியும். போட்டதும் தூர நின்று ஒரு தரம், கிட்டே வந்து ஒரு தரம் பார்த்துத் திருப்திப்படுவார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாடியின் சின்ன அறையில் உட்கார்ந்து ஜெனரலின் உதவியாளனைப் படம் எடுத்துப் போட்டார். ஜெனரலைச் செய்ய விரும்புகிறவர் முதலில் அதே சீருடையில் இன்னொருத்தனைச் செய்து காட்டவேண்டும் என்பது வழக்கம். வழக்கத்துக்குத்தான். நெவிலோடு யாரும் போட்டிக்கு வருவதில்லை. வழக்கம்போல 'அருமை' வந்தது. 'பிரமாதம், நெவில்' வந்தது. அப்புறம் ஃபின்லாந்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த தாபியோ என்பவர் எழுதினார்:

'படத்தைத் தொட்டு முழு அளவில் பார்த்தேன். தோளில் இருக்கிற வெள்ளை வார் அலை அலையாக இருக்கிறது. ஒரு கண் கன்னத்துக்கு வந்துவிட்டது. உங்கள் பழைய படங்களில் இப்படி இல்லை. கை சௌகரியமாக இருக்கிறதா?'

நெவில் தன் படத்தைத் தானே தொட்டுப் பார்த்ததே இல்லை. இப்போது தொட்டார். உதவியாளன் திரை முழுக்க எழுந்து நின்றான். தோள் வார் குடிகாரன் நடந்த வழி மாதிரி போயிற்று. இடது கண் கன்னத்து எலும்பில் உட்கார்ந்திருந்தது. போன மாதத்துக் குதிரைக்காரனைத் தொட்டார். அதற்கு முந்தியவனைத் தொட்டார். அத்தனை பேரும் முழு அளவில் திறந்தார்கள். அவர் சுருக்கியது கிளப் பக்கத்தில் தெரிகிற படத்தை மட்டும்தான்.

அதற்குள் அங்கே சண்டை தொடங்கிவிட்டது. 'அவர் குறை கேட்கவில்லை.' 'புதிதாக வந்தவர்கள் வழக்கம் தெரிந்துகொண்டு பேசவேண்டும்.' 'நெவிலை விட்டுவிடுங்கள்.' ஒருத்தர்கூட 'வார் நேராகத்தானே இருக்கிறது' என்று எழுதவில்லை. தாபியோ கேட்டபோது வலிக்காதது இதைப் படித்தபோது வலித்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

வாசலில் மணி அடித்தது. கீழே ஜானிஸின் குரல் கேட்டது. "மேலதான் இருக்காரு, குட்டி மனுஷங்களோட. கால நல்லாத் தொடச்சிட்டுப் போ, டெரிக்."

டெரிக் இரண்டு தெரு தள்ளி இருப்பவர், கிளப்பின் செயலாளர், நெவிலுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். ஈரக் கோட்டோடு வந்து கதவருகே நின்றார்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"அந்த ஃபின்லாந்துக்காரன வெளிய தள்ளணும்னு குதிக்கறாங்க. நான்தான் புடிச்சு வெச்சிருக்கேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார் நெவில்.

டெரிக் பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்தார். "போன குளிருக்கு ஒரு டிரம்காரன் போட்டியே. அப்பலேர்ந்து."

"எல்லாருக்குமா?"

"தொட்டாப் பெருசாவுதேடா. தொடாம யாரு இருப்பா? உன் வேலையை எப்பவுமே மூக்கு ஒரசற மாதிரிதான பாப்போம்."

"ஒருத்தன்கூட வாயத் தொறக்கல."

"நீதான் கேக்கறத நிறுத்திட்டியே. நிறுத்தினவன்கிட்டப் போயி என்னன்னு சொல்றது?"

"அப்ப 'அருமை, அருமை'ன்னு போட்டதெல்லாம்?"

"ஒரு மரியாதைதான்."

"மரியாதையா அது? எழவு வீட்டுல பேசற பேச்சுடா."

டெரிக்கின் முகம் சிவந்தது. நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "திட்டு, பரவால்ல. ஆனா ஜெனரல் உனக்குத்தான். செவ்வாக்கிழமை நீ கிளம்பினப்புறம் உக்காந்து பேசினோம். எவ்வளவு கோணலா வந்தாலும் உனக்குத்தான்னு முடிவு. மூணடி தள்ளி நின்னு பாக்கறவனுக்கு என்ன தெரியப்போவுது?"

நெவிலுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை காலம் எது போய்விடும் என்று பயந்தாரோ அது போகவில்லை. தர்மமாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு அது போயிருந்தாலே தேவலை என்று தோன்றியது. கோபம் வந்தது. எதிரே நனைந்த கோட்டோடு உட்கார்ந்திருந்த கிழவனைப் பார்த்ததும் கோபம் நீடிக்கவில்லை.

"டெரிக், ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாத. அந்த ஜெனரலப் பண்ணணும்னு உனக்கு ஆசை இருந்ததுண்டா?"

"இது என்னடா கேள்வி?"

"சொல்லு."

"இருக்காதா பின்ன? நீ முதல் தடவ பண்ணினியே, அன்னிலேர்ந்து இருக்கு." டெரிக் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். "அதுக்காக இப்பிடியா கேப்பேன்? நான் வரேன். வீட்டுல பட்டாணிய அடுப்புல போட்டுட்டு வந்தேன்."

அவர் இறங்கிப் போகும் சத்தமும், ஜானிஸ் குடை வேண்டுமா என்று கேட்கும் சத்தமும், கதவு சாத்தும் சத்தமும் கேட்டன. நெவில் கைபேசியை எடுத்தார். எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. அழித்து அழித்து எழுதினார்.

'தாபியோ, நீங்கள் கேட்டது தப்பில்லை. என் கை ஒரு வருஷமாக நடுங்குகிறது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் அவரைத் திட்டுவதை நிறுத்துங்கள். இந்த வருஷம் ஜெனரலை டெரிக் செய்யட்டும். குதிரையை நான் செய்கிறேன். எனக்காக யாரும் கோணல் ஜெனரலை மேஜையில் வைக்கவேண்டாம்.'

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு லேசாக இருக்கும் என்று நினைத்தார். இல்லை, வெறுமையாக இருந்தது. தன் கையாலேயே கொடுத்தாயிற்று. இனிமேல் கண்காட்சியில் ஜனங்கள் குனிந்து பார்ப்பது டெரிக் தீட்டிய முகத்தை.

கைபேசி ஒலித்தது. டெரிக்காக இருக்கும் என்று பார்த்தார். டெரிக் இல்லை. முகப்படம் இல்லாத ஒரு பெயர்: 'ஜானிஸ் எஸ்.' சேர்ந்த தேதி, நெவில் அந்தப் பக்கத்தில் முதல் படம் போட்ட அதே வாரம். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை எழுதியதில்லை. இதுதான் முதல்.

'நீ போட்ட படம் ஒண்ணு விடாம தொட்டுத்தான் பாத்திருக்கேன். நீயா சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு தடவ டாக்டர்கிட்ட நேரம் வாங்கி, ரெண்டு தடவயும் வேண்டாம்னு சொல்லிட்டேன். நாளைக்கு மறுபடியும் வாங்கறேன். குதிரைக்கு என்ன நிறம்னு அப்புறம் யோசி. இப்ப கீழ வா.'

நெவில் பாதிப் படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஜானிஸ் கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கையை அவளுக்கு முன்னால் நீட்டினார்.

"நடுங்குது, ஜானிஸ்."

"ம்" என்று அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உக்காரு."